குடத்துத் தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரு டீக்கடை. பினாங்கிலிருந்து கிளம்பியதிலிருந்து நான் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கவே இல்லை. என் எவர்சில்வர் பாட்டிலை நீட்டி, "இதுல தண்ணி ஊத்துங்கக்கா" என்கிறேன். என் பேச்சைக் கேட்டதுமே "மலேசியாவா?" என்று சிரிக்கும் கடைக்கார அக்கா, தண்ணீர் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து அதில் பீய்ச்சுகிறார். காலிக் கவர்கள் காற்றில் பறந்துபோய் உப்புப் பாத்தியில் விழுகின்றன.

"ஐயோ, அந்த மூலைல இருக்குற குடத்துத் தண்ணியே போதும்க்கா!"

"அது நாங்க குடிக்கிறதும்மா. உங்களுக்கு ஒத்துக்காது, வயித்தால போவும்."

"போகட்டும்." பாட்டிலில் இருந்ததை அவருடைய டீ பாய்லரில் கவிழ்த்துவிட்டு, குடத்திலிருந்து மொண்டு அங்கேயே மடமடவென்று குடிக்கிறேன். "என் வயிறு ரெண்டு நாள்ல சரியாயிடும். உங்க உப்புல கிடக்குற கவர்?"

செருப்பைக் கழற்றிவிட்டு, கவர்களைப் பொறுக்கப் பாத்தியில் இறங்குகிறேன்.