கேட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பெரியப்பா

காத்திருப்பது வேலையா, இல்லையா?

எனக்குத் தெரியாது. தொழிலாளர் சட்டம் படித்தவள்தான். இருந்தும் தெரியாது!

போன ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் ஆபீஸில் ஓவர்டைம் தராததைப் பற்றி நான் புலம்ப, அவர் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்துக்குப் போய்விட்டார்.

(பெரியம்மா சொல்வதில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கம். எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம்.)

பெரியப்பா அப்போது ஹார்பருக்குப் போகும் ரயில் பாதையில் கேட்கீப்பர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை டியூட்டி. இரவுக்கு இன்னொருவர்.

"பன்னிரண்டு மணி நேரமா? அப்போ ஓவர்டைம் நிறைய வந்திருக்குமே!" என்றேன்.

"ஒரு சல்லி கிடையாது மோளே. அவர் செய்யறது விட்டு விட்டு வர்ற வேலைன்னு எழுதி வெச்சிருந்தாங்க."

விதி அப்படி. ஓய்வில்லாத வேலை என்று எழுதினால் எட்டு மணி நேர ஷிஃப்ட், அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம். இடையிடையே சும்மா இருக்கும் வேலை என்று எழுதினால் பன்னிரண்டு மணி நேரமும் சாதாரண டியூட்டி. முடிந்தது கதை.

பெரியப்பா மனு கொடுத்தார். ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, கை கால் எவ்வளவு நேரம் அசைகிறது என்று பார்த்து எழுதுவார் என்று பதில் வந்தது.

வீட்டில் அந்த நாளுக்காகத் தவம் கிடந்தது பெரியம்மாதான்.

அவருக்கு டைப்ரைட்டிங் படிக்க வேண்டும். படித்தால் துறைமுகத்துக் கம்பெனிகளில் வேலை கிடைக்கும். வகுப்பு மதியத்துக்கு மேல். ஆனால் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் பகலில் சுக்குக் கிடங்குக்குப் போய்விடுவார்கள். எட்டு மணி நேரம் என்று ஆகிவிட்டால், காலை ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கி, மதியம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வகுப்பு மாஸ்டரும் இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை ஒரு மிஷினை இவருக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த நாள் வந்தது.

பெரியம்மா மதியம் சோறு கொண்டு போனபோது, கேட்டில் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலும் பெரியப்பா ஸ்டூலிலும் உட்கார்ந்து, பேச்சு தீர்ந்துபோன சம்பந்திகள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை!

மற்ற நாளில் அந்த கேட்டில் மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகள் முட்டி மோதும். திட்டும் வசவும் காதைக் கிழிக்கும். பெரியப்பாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றும்.

பெரியம்மா பஜாருக்கு ஓடினார். கைவண்டிக்காரர்கள் சாயாக் கடையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பரீது. பெரியப்பாவோடு தினமும் சண்டை போடுகிற, தினமும் பீடி பங்கு போடுகிற ஆள்.

"பரீதிக்கா, ஏன் யாரும் கேட் பக்கம் வரலை?"

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. பெரிய சார் வந்திருக்கார்னு கேட்டோம். எல்லா வண்டியையும் சுத்திப் போகச் சொல்லியாச்சு. சேட்டன் மேல ஒரு குத்தம் வராது!"

"அய்யோ, அவர் குத்தம் பிடிக்க வரலை. இவருக்கு வேலை இருக்கான்னு பாக்க வந்திருக்கார்!"

பரீது சாயா கிளாஸைக் கீழே வைத்தாராம்.

"ரயில்வேக்காரனுக்கு வேலை இருக்கான்னு ரயில்வேக்குத் தெரியாதா?"

மேலிருந்து ஒருவர் வந்தால் தண்டனைதான் வரும் என்பது அவர்கள் அனுபவம். தங்கள் ஆளைக் காப்பாற்றி இருக்கிறார்கள்! யாரைக் குறை சொல்வது?

விஷயம் புரிந்ததும் எல்லோரும் வண்டியைக் கிளப்பினார்கள். அந்த நேரம் ரயில் இல்லை, கேட் திறந்தே கிடந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஸ்பெக்டருக்கு சலாம் வைத்தபடி, சத்தமில்லாமல் கடந்து போயின. ஒருவரையொருவர் திட்டக்கூட இல்லை. (அந்த ரோட்டில் அது ஒரு சாதனையாம்.)

மாலையில் இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது பெரியம்மாவும் கேட்டில் இருந்தார்.

"கேட்டை நல்லா வெச்சிருக்கீங்க. ஆனா எழுத ஒண்ணுமில்லையேப்பா. பெரும்பாலும் சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ரயில் வண்டிக்காகக் காத்துட்டிருந்தேன் சார்."

"அதை எப்படிய்யா எழுதறது?"

களமசேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னார்? ஒரு மனிதன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது. ஒரு தடவை தவறினால் மட்டும் ஊருக்கே தெரியும்.

அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன்.

மறுநாள் நடந்தது இதுதான்.

மதியம் பெரியம்மா ஒரு கையில் சோற்றுத் தூக்கும் இடுப்பில் குழந்தையுமாக கேட்டுக்குப் போனார். தூக்கைத் தரையில் வைத்தார். குழந்தையைப் பெரியப்பா மடியில் வைத்தார்.

"என்ன இது?"

"உங்க பையன்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"சும்மாதான் உட்கார்ந்திருக்கீங்கன்னு ஆபீசரே சொல்லிட்டாரே. பாத்துக்கோங்க."

பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஹார்பர் பக்கமிருந்து சரக்கு ரயில் வந்தது. கேட்டை இறக்கிவிட்டு, ஒரு கையில் பச்சைக் கொடியும் இன்னொரு கையில் என் அண்ணனுமாகப் பெரியப்பா நின்றாராம். கேட்டுக்கு அந்தப் பக்கம் பரீதும் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

பெரியம்மா அப்போது டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.