இழுப்பு என்று எழுதினேன்

என் அக்கா தலையணைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். உறைக்குள் பஞ்சை ஊதித் திணிக்கும் மிஷின் அவள் பொறுப்பு. ஊரே அவள் அடைத்த தலையணையில் குறட்டை விடுகிறது. அவளுக்கோ படுத்தாலே மூச்சு முட்டும். ஆஸ்துமா. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். "உள்ள எந்த பஸ்ஸு கிளம்புதுக்கா?" என்று கேட்பேன். சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். உடனே அம்மா என் தலையில் குட்டுவாள்.

மாதத்தில் ஐந்தாறு நாள் லீவு. போகிற நாளிலும் மற்றவர்கள் நூறு அடைத்தால் இவள் அறுபது. சூப்பர்வைசருக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். யார் எவ்வளவு அடைத்தார்கள் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். "இனி லீவுன்னா காரணத்தை ஒழுங்கா எழுதிக் குடு. சும்மா தலைவலி, காய்ச்சல்னு வந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அக்காவுடையது மட்டும்தான்.

அடுத்த வாரமே மூச்சு முட்டியது. அவளால் பேனா பிடிக்க முடியவில்லை, நான் எழுதினேன். ஆஸ்துமாவில் புள்ளி எந்த எழுத்துக்கு என்று எனக்குச் சந்தேகம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபோது சில எழுத்துகள் அங்கேயே தங்கிவிட்டன. அதனால் அம்மா சொல்கிற சொல்லையே போட்டேன்: 'எனக்கு இழுப்பு வந்துவிட்டதால்...'

மூன்றாம் நாள் அக்கா போனபோது, மீட்டர் அவளை மிஷின் பக்கமே விடவில்லை. "முன்னாடியே சொல்ல வேண்டாமாம்மா? மாடிக்குப் போ. அங்க உறையைப் பாரு" என்றார். மாடியில் இருந்த பெண் ஒருத்தி, "வலிப்பு வர்ற மாதிரி இருந்தா கையை ஆட்டுங்க, பிடிச்சுக்கறோம்" என்றபோதுதான் விஷயம் புரிந்தது. மூச்சு இழுத்தாலும் இழுப்பு, கைகால் இழுத்தாலும் இழுப்பு. நான் 'மூச்சு' என்று எழுத மறந்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கூடப் போட்டா பேனா தேஞ்சிடுமாடி?" என்று அக்கா வீடு முழுக்க என்னைத் துரத்தினாள். ஆனால் மீட்டரிடம் மூச்சு விடவில்லை. உண்மையைச் சொன்னால் மறுபடி கீழே போக வேண்டுமே.

மாடியில் தைத்து வந்த உறைகளைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதை ஒதுக்க வேண்டும். ஒரு வாரம் லீவே இல்லை. ஐந்து வாரம் ஆயிற்று, அப்போதும் இல்லை. விசிலும் நின்றது. எனக்கு மண்டை குடைந்தது. அதே அக்கா, அதே வீடு, அதே இன்ஹேலர்.

"மருந்து மாத்துனியா?"

"இல்லடி."

"காதலா?"

"செருப்பு பிஞ்சிடும்."

"அப்புறம் என்னதான்?"

யோசித்தாள். "மாடியில பஞ்சு பறக்கறதில்ல."

நாலு வருடமாக இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவள் மூக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆறாவது வாரம் மீட்டர் டாக்டர் சீட்டு கேட்டார். வலிப்பு சரியாகிவிட்டது என்றால் திரும்பவும் கீழே அனுப்புவாராம். வாங்கிவந்த சீட்டில் ஆஸ்துமா என்றுதான் இருந்தது, வலிப்பு என்ற பேச்சே இல்லை. "நான் வேற ஒண்ணு எழுதித் தரட்டா?" என்றேன்.

"நீ எழுதின வரைக்கும் போதும் தாயே" என்று சீட்டை மடித்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வந்து, நடந்ததை மீட்டரின் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"வலிப்பே இல்லையா? ஆறு வாரமா ஏமாத்துனியா?"

"சொல்லாதது தப்புதான் சார். எனக்கு மூச்சு இழுப்பு. பஞ்சு ஒத்துக்கல. கீழ போகச் சொன்னா போறேன். ஆனா மாசம் ஆறு நாள் வர முடியாது. வந்தாலும் அறுபதுக்கு மேல ஓடாது. மாடியில எத்தனை லீவு போட்டேன்னு நீங்களே பாருங்க."

வருகைப் பதிவேட்டை எடுத்தார். அவள் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதோடு நிற்காமல், கீழே வேலை செய்கிற மற்றவர்களின் பக்கங்களையும் திருப்பினார்.

"ரெண்டாம் மிஷின்காரன் மாசம் நாலு நாள் வர்றதில்லையே. அவனுக்கும் மூச்சு வாங்குமா?"

"இருமிக்கிட்டேதான் இருப்பாரு சார். கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன், கேக்கறேன். நீ என்ன இன்னும் இங்க நிக்கற? மாடியில உறை குவிஞ்சு கிடக்கு, போ" என்றாராம், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.