கோணிச்சட்டை போட்ட காரும் எங்கள் அய்யாவும்

அய்யா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்கள் அவருடைய அருங்குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். பொறுமை, நாணயம், இரக்கம் எல்லாவற்றையும் தம்பி முன்பக்கத்தில் எழுதி முடித்துவிட்டான். மூத்த மகளான எனக்கு அவன் மிச்சம் வைத்தது காரை மட்டும்தான். பரவாயில்லை, அய்யாவைப் பற்றி எழுதக் காரை விட நல்ல விஷயம் எனக்கும் தெரியாது.

அபிராமத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், மிளகாய் போடும் சம்சாரி வீட்டில் ஐந்தாவது பிள்ளையாக அய்யா பிறந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மழை பெய்த வருடங்களில் மிளகாய் போட்டும், பெய்யாத வருடங்களில் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டும் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. யார் சொல்லையும் கேட்டதும் இல்லை.

பாம்பனில் சாலைப் பாலம் திறந்த புதிதில், பரமக்குடி டாக்டர் ஒருவர் ஓட்டிய சின்னக் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். வெள்ளை நிறம். அம்பாசடரைத்தான் கார் என்று நினைத்திருந்த ஊர் அது. அம்மாவின் அண்ணனான பெரிய மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன மாப்ள, மிச்சத்த எப்பக் கொண்டாந்து விடுவாக?"

ஊரே சிரித்தது. அய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சிரிங்க மச்சான், நல்லாச் சிரிங்க. இதே வண்டியிலதான் ஒங்க தங்கச்சிய ராமேசுரம் கூட்டிட்டுப் போயி தீர்த்தமாட வைக்கப் போறேன்."

"பாப்போம் மாப்ள. பாலம் அங்கனதான இருக்கப் போகுது."

அம்மா அதுவரை ராமேசுவரம் பார்த்ததில்லை. அன்றைக்கு அய்யா கொடுத்த அந்த வாக்குதான் எங்கள் வீட்டின் இருபது வருடக் கதை.

காரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. நல்ல கார். நான்கு பேர் போகும் வண்டியில் ஏழு பேரும் இரண்டு மிளகாய் மூட்டையும் ஒரு வெள்ளாட்டங்குட்டியும் போயிருக்கிறோம். ஊரில் பாதிப் பிரசவம் அந்தக் காரில்தான் கமுதி ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒரு பிரசவத்துக்குக்கூட அது வழியில் நின்றதில்லை. பெட்ரோல் குடிப்பதில் அய்யாவைப் போலவே சிக்கனம். புரோக்கர்கள் விலைக்குக் கேட்டு வரும்போதெல்லாம் அய்யா மோர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிடுவார்.

ஆனால் கடற்கரைப் பக்கம் திரும்பினால் மட்டும் அந்தக் காருக்கு என்னவோ ஆகிவிடும்.

கார் வந்த புதிதில் கருவாடு வாங்க ஒருமுறை வாலிநோக்கத்துக்குப் பஸ்ஸில் போன அய்யா, அங்கே உப்பு ஏற்றும் லாரி ஒன்றைப் பார்த்துவிட்டார். உப்புக்காற்று தின்று, அதன் முன்பக்கம் சல்லடையாக இருந்ததாம். வீட்டுக்கு வந்ததும் மிளகாய்ச் சாக்கு ஒன்றை இரட்டையாக மடித்து, கோணி ஊசியால் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்தார். காரின் முகத்துக்கு அளவெடுத்த சட்டை. ராமநாதபுரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, முன்பக்கக் கிராதியை மூடி அதைக் கட்டுவார். "உப்புக்காத்து மூஞ்சி வழியாத்தான் உள்ள போகும்" என்பார். அவர் சொன்னது பலித்தது. இருபது வருடத்தில் அந்தக் காரில் துரு என்று ஒரு பொட்டுக் கிடையாது.

சட்டை போட்டுக் கிளம்பிய கார் உச்சிப்புளி வரை போகும். பிறகு புகை கிளம்பும், நின்றுவிடும். அய்யா இறங்கி முதல் வேலையாகச் சாக்கை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து பானட்டின் மேல் போடுவார். அங்கே இளநீர்க் கடை வைத்திருந்த அக்கா வாளியில் தண்ணீர் கொடுப்பார். சூடு ஆறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஈரச் சாக்கை டிக்கியில் போட்டுக்கொண்டு திரும்பினால், வண்டி முக்காமல் முனகாமல் வீடு வந்து சேரும். திருப்பாலைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள்.

அபிராமம் மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றினார், காற்றாடியை மாற்றினார். அவர் பட்டறையில் மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்த்தாலும் சூடாகவில்லை. சாக்கைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. தோளில் கிடக்கும் துண்டைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வார்கள்? கடைசியில் "இந்த வண்டிக்குக் கடல் ஆகாதுங்கய்யா" என்று கையை விரித்துவிட்டார்.

பஸ்ஸில் போகலாம் என்று நாங்கள் எத்தனையோ தடவை சொன்னோம். அம்மா கேட்கவில்லை. "பஸ்ஸுல போனா அவுக வாக்கு என்னாகும்? எங்க அண்ணன் முன்னாடி அவுக தல குனியணுமா?"

மொத்தம் ஒன்பது முறை கிளம்பினார்கள். ஒன்பது முறையும் உச்சிப்புளி.

கடைசியாக நெஞ்சுவலி வந்தபோது அந்தக் காரில்தான் அய்யாவைப் பரமக்குடிக்குக் கொண்டுபோனோம். எங்கும் நிற்காமல் பறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தம்பியிடம், "ஏலே, வண்டிய வெயில்ல போட்றாத" என்றார். அம்மாவிடம், "வெயில் தாழட்டும், ராமேசுரம் போயிருவோம்" என்றார். அதற்கு மறுநாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் அஸ்தி கரைக்கக் கிளம்பினோம். தம்பி ஓட்டினான். அம்மா முன்சீட்டில் அஸ்திச் செம்பை மடியில் வைத்திருந்தார். நானும் பெரிய மாமாவும் பின்னால். ராமநாதபுரம் தாண்டியதும் தம்பி பழக்கம்போல நிறுத்தி, சாக்கை எடுத்தான்.

"வேண்டாம்ப்பா" என்றார் அம்மா. "துருப் புடிச்சாப் புடிச்சிட்டுப் போகுது. இனி யாரு தடவிப் பாக்கப் போறா?"

தம்பி சாக்கை டிக்கியில் போட்டான். உச்சிப்புளி வந்தது. வெள்ளைக் காரைக் கண்டதும் இளநீர்க் கடை அக்கா எழுந்து வாளியைத் தூக்கினார். கார் நிற்காமல் போனது. மண்டபமும் போனது. பாலத்தில் ஏறினோம். நடுப்பாலத்தில் மாமா முன்னால் குனிந்தார்.

"ஏலே, அந்தச் சாக்கு எங்க?"

"டிக்கியில கெடக்கு மாமா."

மாமா தலையில் கைவைத்தார். "அடப் பாவிகளா! காத்துப் பட்டாத்தானலே எஞ்சின் குளுரும்? மூஞ்சிய மூடிப்புட்டு ஓடச் சொன்னா எப்படிலே ஓடும்?"

அம்மா முதலில் சிரித்தார். பதினாறு நாளில் முதல் சிரிப்பு. செம்பு மடியில் குலுங்கக் குலுங்கச் சிரித்தவர், பாலம் முடியும்போது அழுதுகொண்டிருந்தார். நாங்களும்தான்.

கடலில் அய்யாவைக் கரைத்து, தீர்த்தமாடி முடித்துக் கரையில் உட்கார்ந்திருந்தோம். மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு தடவ நான் கூட வந்திருந்தாச் சொல்லியிருப்பேன் தாயி. வீம்புல இருந்துட்டேன்."

"நல்லவேள, நீங்க வரல" என்றார் அம்மா. "மொதத் தடவையே வந்து சேந்திருந்தா, அதுக்கப்புறம் அவுக என்னய எங்கன கூட்டிட்டுப் போயிருக்கப் போறாக? ஒம்பது தடவ பூ வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்தாகண்ணே."

திரும்பும்போது அம்மா உச்சிப்புளியில் நிறுத்தச் சொன்னார். இளநீர்க் கடை அக்கா கோபமாக வந்தார்.

"என்னக்கா, இங்கன நிக்காமப் போயிட்டீக? வண்டிக்கு என்ன ஆச்சு?" கேட்டுக்கொண்டே காருக்குள் குனிந்து பார்த்தவர், "அய்யா வரலயா?" என்றார். பிறகுதான் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"அவுகள ராமேசுரத்துல விட்டுட்டு வாரோம்மா" என்றார் அம்மா.

அந்த அக்கா காலையில் தூக்கிய வாளியை எடுத்து வந்து, சூடே இல்லாத பானட்டின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார்.

அய்யாவின் கடைசி நாட்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உற்றார் உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வீம்பை விட்டுக் கூட வந்த பெரிய மாமாவுக்கும் அப்படியே. உச்சிப்புளியிலும் திருப்பாலைக்குடியிலும் எங்கள் காரைத் தள்ளிய, பெயர் தெரியாத எல்லோருக்கும் அய்யா சார்பில் கைகூப்புகிறோம். கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. இனி அது உங்கள் ஊரில் தானாக நிற்காது. அம்மா நிறுத்தச் சொல்வார்.