வழியனுப்ப வருவது எத்தனை பேர்

கையில் டேப்லெட்டோடு யாராவது வாசலில் வந்து சிரித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சாலையை அகலப்படுத்தும் முன்பும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே எங்கள் கிணற்றை ஒட்டி அளவுக்கல் நட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால், விமான நிலையத்தை மாற்றிக் கட்டப்போகிறோம், மக்களின் தேவையைக் கேட்க வந்தோம் என்று இரண்டு பெண்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. பாறசாலையில் என்னிடம் கேட்டா விமான நிலையம் கட்டுவார்கள்? வளைகுடாவில் நர்சாக இருக்கும் என் மகள் வருஷத்துக்கு ஒருமுறை அதன் வழியாக வந்துபோகிறாள், அவ்வளவுதான்.

“அங்கிள், மகளை யாத்திரையாக்க எத்தற பேர் வரும்?” வழியனுப்ப எத்தனை பேர் என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள்.

“எதுக்காக்கும் கேக்கிய?”

“சும்மா, டிசைனுக்கு.”

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் போடப் போகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“நான் ஒருத்தன் மட்டும் ஆக்கும்” என்றேன்.

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். போன தடவை வேன் பிடித்துப் பதினான்கு பேர் போயிருந்தோம். எங்கள் சபை உபதேசியார் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார். மகள் பாதுகாப்புச் சோதனை முடிந்து திரும்பிக் கையாட்டும் வரை எல்லோரும் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றோம். அந்தக் கையாட்டலைப் பார்க்காமல் என்னால் வீட்டுக்கு வர முடியாது.

பக்கத்து வீடுகளுக்கும் நானே ஓடிப் போய்ச் சொன்னேன். “ஒண்ணுண்ணு சொல்லு மக்கா, பாக்கி பின்ன பாக்கலாம்.” எல்லோரும் அப்படியே சொன்னார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் பஞ்சாயத்து ஹாலில் வரைபடத்தை வைத்தார்கள். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டிலேயே பெட்டியை ஒப்படைத்துவிடலாம். அங்கிருந்து நேரே விமான நிலையத்துக்குள் போகும் பஸ்ஸில் பயணியோடு ஒருவர் ஏறலாம். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நிற்கும் இடத்தில் மரமும் கடையும் வரைந்திருந்தார்கள்.

“நாங்க எங்க நிக்கது?” என்று கேட்டேன்.

வரைந்தவர் மரியாதையாகவே ஒரு தாளை எடுத்துக் காட்டினார். “இந்தப் பக்கத்துல ஒரு பயணிக்கு ஒருத்தர்தானே வர்றீங்க?”

தாளை மேலும் கீழும் பார்த்தேன். கள்ளத்தனம் எதுவும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒருத்தருக்குத்தான் இடம் உண்டுண்ணா அம்மா வரட்டு, அப்பா.”

சரி மக்களே என்றேன். நானும் வரவேண்டும் என்று எந்த வாயால் சொல்வேன், ஒருத்தன் மட்டும் என்று சொன்னவனே நான்தானே.