அம்மா என்னை வேனில் ஏற்றிய கதை

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வயிற்றுவலி வந்ததுபோல் நடிப்பதில் நான் கைதேர்ந்தவளாக இருந்தேன். கணக்குப் பரீட்சை நாட்களில் காலையில் வலி வரும். பள்ளி வேன் எங்கள் மந்தைவெளித் தெருவைக் கடந்ததும் குறைந்துவிடும். ஒருமுறை தொண்டைக்குள் விரலை விட்டு வாந்திகூட எடுத்துக் காட்டினேன். கதவிடுக்கு வழியாக அம்மா பார்த்துவிட்டாள். அவளும் ஒரு பள்ளியில் ஆசிரியை. இந்த வித்தைகளை எல்லாம் வகுப்புக்கு நாலு பேரிடம் பார்த்தவள்.

ஒரு திங்கட்கிழமை காலை நிஜமாகவே வலி வந்தது. அடிவயிற்றின் இடது பக்கத்தை யாரோ ஈரத்துணிபோல முறுக்கிப் பிழிந்தார்கள். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். என் கெட்ட நேரம், அன்றைக்கும் கணக்குப் பரீட்சை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. கிளம்பு."

"நெஜமாவே வலிக்குதும்மா."

"போன தடவையும் நெஜமாத்தான் வலிச்சுது."

என் பையை அவளே தூக்கிக்கொண்டு வந்து, வேனில் ஜன்னலோர இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது பீரியடில் விடைத்தாள் மேலேயே வாந்தி எடுத்தேன். பெஞ்சில் படுக்க வைத்து அம்மாவுக்குப் போன் செய்தார்கள். அவள் பள்ளியில் அன்று அதிகாரிகள் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். போன் கைப்பைக்குள், கைப்பை ஸ்டாஃப் ரூமில். அப்பா வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார். அம்மா போனை எடுத்துப் பார்த்தபோது மணி இரண்டு. ஆட்டோவில் அவள் மடியில் சுருண்டு கிடந்ததும், "தோ போய்க்கினே கீறோம் பாப்பா, பொறுத்துக்கோ" என்று ஓட்டுநர் திரும்பித் திரும்பிச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னாள் என்று ஞாபகம் இல்லை.

வயிற்றில் நீர்க்கட்டி இருந்து முறுக்கிக்கொண்டதாம். அன்று மாலையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா மட்டும் திரும்பி வந்து என் கால்மாட்டில் நின்றார். வெகுநேரம் கழித்து அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இருமினால், தும்மினால், சிரித்தால் தையல் சுருக்கென்று இழுக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். அப்பாவின் அக்கா, என் அத்தை, கே.கே. நகரிலிருந்து பால்சுறாவும் பூண்டுமாக வந்து இறங்கினார். புண் சீக்கிரம் ஆறுமாம். வந்ததும் அவர் செய்த முதல் வேலை நோயின் பெயரை மாற்றியது.

"பொம்பளப் புள்ள. கட்டின்னு வெளிய சொல்லாதீங்க. யார் கேட்டாலும் அப்பண்டிஸ்."

நான் ஒப்புக்கொண்டேன். நோயைப் பற்றிப் பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் அப்பண்டிஸ் என்ற கதையில் சுவாரசியம் போதவில்லை. பார்க்க வருகிறவர்கள் "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டுச் சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நானாக ஒரு வரியைச் சேர்த்தேன்.

"வலிக்குதுன்னு சொன்னேன் ஆன்ட்டி. அம்மாதான் நம்பாம ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க."

ஆன்ட்டியின் முகம் மாறியது. என் கன்னத்தைத் தடவினார். அந்த வரிக்கு இருந்த மதிப்பு அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ஜன்னலோர இடம் மறைந்தது. அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நான் வேன் படியில் அழுதேன். காபித் தட்டோடு அம்மா அங்கேயே நிற்பாள். ஒருநாளும் மறுத்ததில்லை.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நாலு பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் கதையையும் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் அம்மாவைப் பார்த்து, "என்ன டீச்சர், பெத்த புள்ள மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றார்.

"தெரியலங்க," என்றாள் அம்மா. காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி, "தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

வகுப்பில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற என் அம்மா பதில் தெரியாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். சொன்னால் கேவலம்தான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் எல்லாம் எனக்குச் சாதகமாகவே நடந்தது. அப்பா அம்மாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "மாத்திரை குடுத்தாச்சான்னு உங்கம்மாவைக் கேளு" என்பார் என்னிடம். அம்மா ஒரு மாதம் லீவு போட்டாள். "அம்மா, வலிக்குது" என்றால் எங்கிருந்தாலும் ஓடி வந்தாள். ஃபேனைக் கூட்ட ஒருமுறை, தண்ணீருக்கு ஒருமுறை, சும்மா ஒருமுறை. ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது வீறிட்டேன். தலை நிறைய ஷாம்பு நுரையோடு, நைட்டியை ஈரத்தின் மேல் மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்கி, கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"எங்க? எங்கடா கண்ணு வலி? இடது பக்கமா?"

"ரிமோட் கீழ விழுந்துடுச்சு."

தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தேன். முதுகில் ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நுரை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு குனிந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கட்டியோடு என் இடது சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்தாறு. கல்யாணமாகி, அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருந்தேன். "இடது பக்கம் ஏற்கெனவே எடுத்திருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் டாக்டர். அம்மாவிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. உள்ளே ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போயிருந்ததாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் வராந்தாவில் சொன்னாராம். "நீதான் அனுப்பின" என்று அப்பா அங்கேயே ஒரே ஒரு தடவை சொன்னாராம். பதினைந்து வருஷமாகத் தினமும் தயாராக வைத்திருந்ததுபோல, ஒரு சொல் தடுக்காமல் சொல்லி முடித்தாள்.

அந்த ஆறாம் வகுப்பில், ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தின் சனிக்கிழமை மாலை, அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு ஆபரேஷன் ஆனதால் முதலில் விட்டார்கள். பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று பொய் சொன்னதைச் சொன்னேன். வேறு பாவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்லி ஃபாதர் அனுப்பிவிட்டார்.

அடுத்து அம்மா போனாள். நான் மூன்று மந்திரத்தையும் முடித்தேன். மெழுகுவத்திகளை எண்ணினேன். அம்மா வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவர் வாட்சைப் பார்த்து உச்சுக் கொட்டினார். எனக்கு மானம் போயிற்று. பொய் சொல்லாத, கோள் சொல்லாத, ஒரு ஞாயிறுகூடப் பூசையைத் தவறவிடாத என் அம்மாவுக்குச் சொல்வதற்கு அப்படி என்னதான் பாவம் இருக்கும் என்று, பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு எரிச்சலோடு காத்திருந்தேன்.