டிரைவரக்கா வீட்டுக் கடல்

டிரைவரக்காவுக்கு நீந்தத் தெரியாது. கடலில் கணுக்காலுக்கு மேல் அவள் நனைந்ததே கிடையாது. பாதி ஆயுள் நகரப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழிந்துவிட்டதால், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் டிரைவரக்காதான். அவள் வீட்டு முன்னறையில் ஒரு கடல் இருக்கிறது என்று சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்கள். வந்தவர்கள் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள்.

அந்தக் கடல் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து வந்தது. அவள் கணவர் செருப்புக்கடையில் விற்பனையாளர். கடைவாய்ப் பல் ஒன்று அவரைப் படாத பாடு படுத்த, பிடுங்குவதற்காகக் கூட்டிப் போயிருந்தாள். அவர் உள்ளே இருந்தபோது, காத்திருக்கும் அறையின் மூலையில் பாசி பிடித்த கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பார்த்தாள். உள்ளே ஏழெட்டுக் கற்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு, ஒரே இடத்தில் நின்றபடி துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தன.

"இதைத் தூக்கிப் போடப் போறோம்மா. கடல் தண்ணித் தொட்டி. யாராலயும் கட்டி மேய்க்க முடியல," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"மீனு?"

அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

கணவர் வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். பாதி முகம் மரத்துப் போயிருந்தது. "என்னங்க, இந்தத் தொட்டிய நாம எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். அவர் "ஊம்... ஊம்ம்" என்றார். அது சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது சம்மதமே இல்லை என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், நாறிக்கிடந்த கற்களைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்ததுதான். தொட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றினாள். பார்க்கவே கண்ணைப் பறித்தது. அந்த வாரமே இரண்டு மீனும் செத்துப்போயின.

"சரி, ஆசை தீர்ந்துச்சில்ல. விட்டுடு," என்றார் கணவர்.

"எதுல தப்புன்னு தெரியாம விட மாட்டேன்," என்றாள் அவள்.

கடல் மீன் விற்கும் கடை ஒன்றை விசாரித்துத் தேடிப் போனாள். கடைக்காரியும் அவள் வயதுக்காரிதான். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "கல்லுல உசுரு இருந்துச்சும்மா," என்றாள். "மீன் போடுற கழிவைத் தின்னு தண்ணிய நல்லதா வெச்சிருந்ததே கல்லுல இருந்த நுண்ணுயிருங்கதான். அதுங்களையெல்லாம் சோப்புப் போட்டுக் கொன்னுட்டீங்க."

டிரைவரக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "சரி, இப்ப ரெண்டு மீன் குடுங்க. ஒழுங்கா வளர்க்கறேன்," என்றாள்.

"தர மாட்டேன்."

"கடை வெச்சிருக்கறது விக்கறதுக்குத்தானே?"

"சாகடிக்கறதுக்கு இல்ல. ரெண்டு உயிருள்ள கல்லு தரேன். சுத்தமா வடிகட்டின தண்ணியில உப்புக் கலந்து, கல்லை மட்டும் போட்டு ஓட்டுங்க. தண்ணி பழகட்டும். அப்புறம் வாங்க."

டிரைவரக்கா எதிர்த்துப் பேசவில்லை. சரியான காரணம் சொன்னால் ஒப்புக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. மாதக்கணக்கில் அந்தத் தொட்டியில் கல்லும் தண்ணீரும் மட்டும் இருந்தன. கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த நாத்தனாருக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்கவில்லை. படியில் பார்க்கும்போதெல்லாம், "அண்ணி, கல்லு இன்னிக்கு சாப்பிட்டுச்சா?" என்பாள். ஒருநாள் குழாய் நழுவி, தரையெல்லாம் உப்புத்தண்ணீர் ஓடி, கீழே நாத்தனார் வெட்டி வைத்திருந்த துணிமேல் சொட்டியது. அன்றைக்கு மட்டும் வேடிக்கை நின்றது. "மேல நீங்க கடல் வெச்சுக்குங்க. கீழ நான் கப்பலா ஓட்டறது?" என்று மாடியேறி வந்து கத்திவிட்டு, கையோடு தரையையும் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிரைவரக்காவுக்குத் தொட்டி பிடிபட்டது அவள் தொழிலால்தான். காலையில் பேருந்தை எடுக்குமுன் அவள் ஒரு சுற்றுச் சுற்றி டயர், பிரேக், விளக்கு எல்லாம் பார்ப்பாள். நேற்று நன்றாக ஓடிய வண்டி என்று இன்றைக்கு நம்ப மாட்டாள். தொட்டியையும் அப்படித்தான் பார்த்தாள். வேலைக்குப் புறப்படும் முன் தண்ணீரின் சூடு, உப்பின் அளவு, பம்பின் சத்தம், கண்ணாடியின் நிறம். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தாலும் உப்பு உள்ளேயேதான் நிற்கும் என்பதால், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவாள். உப்புத்தண்ணீர் கலந்து ஒரு நீல டிரம்மில் எப்போதும் தயாராக வைத்திருப்பாள். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, டிரம்மிலிருந்து புதிதாக விடுவாள். சலிப்பாக இல்லையா என்று கேட்டால், "தினம் ஒரே ரோட்டுல வண்டி ஓட்டறேன். எனக்குச் சலிப்பா?" என்பாள்.

கடைக்காரி கடைசியில் மீன் தந்தாள். மறுபடி ஒரு கோமாளி ஜோடி. பிறகு சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால். அதன் பிறகுதான் பவளம். கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு. கல் போன்ற தண்டின் நுனியிலிருந்து, சுத்தியல் தலை மாதிரி முனைகொண்ட இளம்பச்சை விரல்கள் நீண்டு அலையில் ஆடும். விளக்கு அணைந்தால் சுருங்கிக்கொள்ளும். அது கிளைவிட்டுக் கிளைவிட்டு, சில வருஷங்களில் ஒரு பெரிய பூங்கொத்தாகிவிட்டது.

கணவர் எப்போது மாறினார் என்று யாருக்கும் தெரியாது. "கரண்டைத் தின்னுற கோமாளிங்க" என்று திட்டிக்கொண்டேதான் நாற்காலியைத் தொட்டிப்பக்கம் நகர்த்திக்கொண்டார். தண்ணீரில் கைவிட்டால் அந்த இறால் வந்து அவர் நகக்கண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்யும். நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து அடுத்தவர் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வருகிறவருக்கு, தன் கையை ஒருவர் கவனிப்பது பிடித்துவிட்டது. "இதுக்கு எத்தனை காலு பாரு. இது மட்டும் நம்ம கடைக்கு வந்துச்சுன்னா எனக்கு அன்னிக்கு சோறு தண்ணி கிடையாது," என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் கையால்தான் அது நடந்தது. தொட்டியைத் தாங்கிய மர ஸ்டாண்டு, உப்புச் சிந்திச் சிந்தி வெள்ளை பூத்து ஊறிக் கிடந்தது. அவருக்கு விடுமுறை. மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் அதைப் புதிதாக்கி அசத்திவிட வேண்டும் என்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தூசி படாமல், எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். ஸ்டாண்டுக்குள்ளேதான் ஸ்கிம்மர் இருந்தது. காற்றை உறிஞ்சித் தண்ணீரை நுரைக்க வைத்து அழுக்கைப் பிரிக்கிற கருவி. அது பெயிண்ட் ஆவியையும் சேர்த்து உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

டிரைவரக்காவின் பேருந்து கடைசி நிறுத்தத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். அவள் போன் எப்போதும் கண்டக்டர் பையில்தான் இருக்கும். அது அடித்தது. எடுத்துப் பேசிய கண்டக்டர் முன்னால் ஓடிவந்தான்.

"அக்கா, மாமா பேசறார். மீன்லாம் மேல வந்து வாயைத் தொறக்குதாம். ஏதோ நுரை பொங்கி வழியுதாம்."

அப்படியே இறங்கி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் பேருந்து நிறைய ஆட்கள். புறப்பட மணியும் அடித்தாயிற்று. "வண்டி ஓடும்போது எதுவும் சொல்லாதே. நிக்கறப்ப மட்டும் சொல்லு," என்று கியரைப் போட்டாள்.

முதல் நிறுத்தத்தில் நின்றதும், "வீட்டுக்குள்ள எதையாவது தெளிச்சாரா, அடிச்சாரா, கேளு."

கண்டக்டர் கேட்டான். "ஸ்டாண்டுக்கு பெயிண்ட் அடிச்சாராம்க்கா."

அவள் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள். ஆட்கள் ஏறி முடித்திருந்தார்கள். வண்டியை எடுத்தாள்.

அடுத்த நிறுத்தம். "ஸ்கிம்மரோட பச்சை வயரைப் பிடுங்கச் சொல்லு. பச்சை மட்டும். மத்தது ஓடட்டும்."

அதற்கு அடுத்தது. "எல்லா ஜன்னலையும் தொறக்கச் சொல்லு. கீழ நாத்தனார்கிட்ட ஃபேன் இருக்கு, அதை வாங்கித் தண்ணி மேல காத்தடிக்கிற மாதிரி வைக்கணும்."

இதற்குள் பேருந்தில் முன்பாதி முழுக்க விஷயம் பரவிவிட்டது. "என்னம்மா, உசுரோட இருக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். சிவப்பு விளக்கில் நின்றதும், கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர், "சொல்றதை இப்பவே சொல்லிடுங்கம்மா, இது நீளமான சிக்னல்," என்றார். அவள் மளமளவென்று சொன்னாள். அலமாரிக் கீழ்த்தட்டில் வடிகட்டும் கரி இருக்கிறது, அதைக் கழுவித் துணிப்பையில் போட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் வைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டு நீல டிரம்மிலிருந்து மெதுவாக விட வேண்டும். கண்டக்டர் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான். தன் நிறுத்தம் வந்து இறங்கிய ஒரு பெண், "முடிவு தெரியாம இறங்க வேண்டியிருக்கே," என்று அலுத்துக்கொண்டே போனாள்.

டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, சீருடையோடு வீட்டுப் படியேறினாள். பெயிண்ட் நெடி படியிலேயே அடித்தது. உள்ளே நாத்தனார் முட்டிவரை நனைந்து, வாளியோடு நின்றிருந்தாள். கோமாளிகள் இரண்டும் மேலே, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. சுத்தியல் பவளம் தண்டுக்குள் சுருங்கியிருந்தது. இறால் கல்லின் அடியில் மல்லாந்து கிடந்தது. கணவர் கையில் பெயிண்ட் கறையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"கொன்னுட்டேன். எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

"எல்லாம் சாகல," என்றாள் அவள். "எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. நெறையவே இருக்கு. அதுக்கு இப்ப நேரமில்ல. எந்திரிச்சு வாளியைத் தூக்குங்க."

அவர் எழுந்தார். மூவருமாகத் தண்ணீரை எடுத்தார்கள், விட்டார்கள். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயோடு நீளமான குழாய் ஒன்றை இணைத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய பிறகே அதை மறுபடி ஓடவிட்டாள். புதிய உப்புத்தண்ணீர் கலந்து டிரம்மை நிரப்பி வைத்தாள். இறாலைக் கணவர்தான் எடுத்தார்.

மீன்கள் தேறிவிட்டன. பவளம் தேறவில்லை. சதை கழன்று, பழுப்பு நிறத்தில் கூழாக வழிய ஆரம்பித்தது. யார் வீட்டுக்கும் போகாத கடைக்காரி வந்து பார்த்தாள். "அழுகின கிளைங்களை வெட்டலைன்னா நல்லதுக்கும் பரவிடும். எனக்கென்னவோ இது தாங்காதுன்னு தோணுது. இதோட மல்லுக்கட்டாதீங்க. புதுசா ஒரு துண்டு நான் தரேன்."

"புதுசு வேணாம். இது இன்னும் இருக்கில்ல?"

வெட்டும் குறடைக் கடைக்காரியிடமே கேட்டு வாங்கி, பவளத்தை ஒரு தட்டில் உப்புத்தண்ணீரில் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன கிளைகளை ஒவ்வொன்றாக ஒடித்தாள். வருஷக்கணக்கில் வளர்ந்தது. ஒவ்வொரு முறை குறடு கடிக்கும்போதும் அவள் தாடை இறுகியது. கடைசியில் மிஞ்சியது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அடிக்கட்டை, அதில் விரல்களை உள்ளிழுத்துச் சுருங்கிப்போன மூன்று தலைகள். அதை அலை அதிகம் அடிக்காத மூலையில் வைத்தாள்.

அந்த அடிக்கட்டை வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் எல்லாம், கல்லுக்கு இவ்வளவு கவனிப்பா என்றார்கள். அவள் காலைச் சுற்றை விடவில்லை. அந்த நாட்களில் ஒரு மாலை, தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் கோபம் வெளியே வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா அடிக்க விட்டிருப்பியா?"

"விட்டிருக்கவே மாட்டேன்."

"அதான் கேக்கல," என்றார் அவர். சொன்ன வேகத்திலேயே குரல் உடைந்துவிட்டது. "நல்லா இருக்கும்னு நெனச்சேன்மா. சத்தியமா நல்லா இருக்கும்னுதான்." அவள் அவர் தோளில் கையை வைத்தாள். கை ஈரம் அவர் சட்டையில் ஊறியது.

முதலில் பார்த்தவர் அவர்தான். ஒரு காலை, அவள் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்க, "இங்க வா, இங்க வா" என்று கூவினார். நடுத்தலையிலிருந்து பச்சையாக ஒரு நுனி, பென்சில் முனை அளவுக்கு, வெளியே வந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு டிப்போவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியதாயிற்று.

மூன்று தலைகளில் ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டும் பிழைத்து, பிளந்து, பெருகிவிட்டன. ஒடித்த இடங்களில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பாசி படர்ந்திருக்கிறது. இப்போது அந்த வீட்டில் அவளைவிட அவர்தான் கெடுபிடி. நாத்தனார் நகப்பூச்சு போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தண்ணீர் கலக்குவது முழுக்க அவர் பொறுப்பு. வேறு இறால் மட்டும் வேண்டாம் என்கிறார். அவளும் வற்புறுத்தவில்லை.

டிரைவரக்காவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. அதன் பிறகு இதைவிடப் பெரிய தொட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று போன வாரம் சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"செவுத்தை அளந்தாச்சு," என்றார் கணவர், தட்டிலிருந்து தலை தூக்காமல். "ஸ்டாண்டு மட்டும் இரும்புல போட்டுடலாம்."

"உப்புல இரும்பு துருப்பிடிக்கும்ங்க."

"அப்ப செங்கல் வெச்சுக் கட்டிடலாம்."

தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்த நாத்தனார் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணா, கீழ நான் ஒருத்தி குடியிருக்கேன். ஞாபகம் இருக்கா?"