கார் ஷெட்டுக்குள் வந்த கடல்

வாடகைக்கு வீடு தேடிப் போனவன், கார் ஷெட்டை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சம்மதம் சொன்னேன். சமையலறை எந்தப் பக்கம் என்பதே குடிவந்த பிறகுதான் தெரிந்தது. ஐம்பதைத் தொட்டவன், நாலு புத்தகம் படித்தவன் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. மாற்றலாகிப் போர்ட் பிளேர் வந்தபோது, மனைவிக்கு மூட்டு அறுவை முடிந்து மூன்று மாதம். சரிவு ஏறக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இந்த ஊரிலோ சரிவைத் தவிர வேறெதுவும் சுலபத்தில் அகப்படாது. பத்துபஸ்தியில் பார்த்த வீட்டுக்குச் சாலையிலிருந்து நாற்பது படி. ஹேடோவில் ஒரு வீட்டில் வண்டியை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குக் கீழே இறங்கவேண்டும். கார் வாசல்வரை வந்தால்தான் அவளுக்கு வெளியுலகம். கார் மெயின்லேண்டில் கப்பலேறிவிட்டது, வீடுதான் அமையவில்லை.

அப்போதுதான் புரோத்ராபூரைத் தாண்டி, உப்போடைக்குப் பக்கத்தில் இந்த வீடு கிடைத்தது. சமதளம். வீட்டுக்கு மூன்றே படி. ஷெட் சுவரில் கீழே ஒன்றரை அடிக்குப் பச்சை, மேலே வெள்ளை. இரண்டு வண்ணம் அடித்த ரசனையை வீட்டுக்காரரிடம் பாராட்டினேன்.

"பார்க்கிங் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்றார் அவர், அடக்கமாகத் தலையைக் குனிந்தபடி.

காரும் வந்து ஷெட்டில் நின்றது. குடியேறிய முதல் பௌர்ணமி மாலை, தெருவே வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு சரிவில் ஏறியது. மேலே ஒரு முருகன் கோயில் உண்டு. பௌர்ணமி பூஜைதான், வேறென்ன? கடல் கடந்து வந்தும் நம் ஜனங்கள் பக்தியை விடவில்லை என்று நெகிழ்ந்துபோய், லோடு வண்டியில் கிளம்பிய எதிர்வீட்டு மேஸ்திரியைக் கும்பிட்டேன். ராமநாதபுரத்துக்காரர். "எனக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடல் வந்தது.

அலை இல்லை, சத்தம் இல்லை. கேட்டுக்கு அடியில் நுழைந்து, சொந்த வீட்டுக்கு வருவதுபோல நிதானமாக ஷெட்டுக்குள் போயிற்று. தெளிந்த தண்ணீர். டயருக்கும் டயருக்கும் நடுவே விரல் நீள மீன்கள் கூட்டமாகத் திரும்பின. நான் ரசித்த பச்சை வண்ணத்தைத் தண்ணீர் அங்குலம் அங்குலமாக எட்டிப் பிடித்தது. அது பாசி என்று அப்போதுதான் விளங்கியது. சுனாமியன்று இந்தப் பக்கத்து நிலமே கீழே இறங்கிவிட்டதாம். நெல் விளைந்த வயலெல்லாம் இப்போது கடலின் கணக்கில். வானத்தில் எங்கோ இருக்கிற நிலா, எவ்வளவு பெரிய கடலைக் கையைப் பிடித்து என் ஷெட்டுவரை கூட்டிவந்திருக்கிறது! முழங்கால் தண்ணீரில், வாயைத் திறந்தபடி நின்றேன். பயம் வரவில்லை. கும்பிடவேண்டும் போலிருந்தது.

"என்னங்க, காரு! காரு!" படியில் நின்று மனைவி கத்தினாள்.

சாவியோடு ஓடி உள்ளே உட்கார்ந்தேன்.

"சார், ஸ்டார்ட் பண்ணாதீங்க! பானி இஞ்சினுக்குள்ள போயிரும்!" மேஸ்திரி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார், கூடவே மூன்று பேர். "நேத்தே ஏன் சார் மேல ஏத்தல?"

"நீங்க கோயிலுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"கோயிலா? அமாவாசை, பௌர்ணமின்னா வண்டிய மேல விடுறது இங்க எல்லாருக்கும் தெரியுமே! தண்ணி ஏறக்கூடாதுன்னுதான் வேண்டிக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வெவரமான ஆளுன்னு நானும் பேசாமப் போயிட்டேன்."

நால்வரும் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நான், கண்ணாடியில் பின்னால் விரிந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் கார் சரிவின் மேட்டுக்கு ஏறிவிட்டது. இஞ்சினில் ஒரு சொட்டு உப்பில்லை.

மேலே டீ குடிக்கும்போது நிலாவையும், இறங்கிய பூமியையும், கடலின் பொறுமையையும் பற்றி நான் மெய்மறந்து பேசினேன். மேஸ்திரி முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான் சார்" என்றார். "ஹேண்ட் பிரேக்க மட்டும் எடுத்து விட்டிருந்தீங்கன்னா, பத்து நிமிஷத்துல ஏத்தியிருப்போம்."